மனச்சிதைவு நோயை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா? டர்பனிலிருந்து ஒரு கேள்வி

சாட்ஸ்வொர்த்_ஜிபி எழுதியது:

வணக்கம். மனநல மருத்துவர்களும் ஆய்வகத்துக்காரர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் நேராகவே கேட்டுவிடுகிறேன்.

பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை. காதில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டார் சூனியம் வைத்துவிட்டார்கள் என்கிறான், பேச்சில் கோர்வை இல்லை. இப்படி முதல்முறை சைக்கோசிஸோடு வரும் பிள்ளைகளின் வீட்டார் இப்போதெல்லாம் அச்சடித்த தாளையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். ஒன்றில் சீரம் புரதங்களின் நீளப் பட்டியல். ஒன்றில் எச்சில் டிஎன்ஏவிலிருந்து கணக்கிட்ட ‘ரிஸ்க் ஸ்கோர்’. ஒன்றில் பிடிஎன்எஃப் (மூளை வளர்ச்சிப் புரதம்), ஐஎல்-6 (அழற்சிப் புரதம்). சிலரிடம் சிறுநீர்ப் பைரோல். எல்லாத் தாளிலும் எங்காவது ஒரு வரி சிவப்பில் இருக்கிறது.

இவற்றில் எதையாவது நம்பி மனச்சிதைவு என்று சொல்லலாமா, அல்லது இல்லை என்று விலக்கலாமா? முடியாது என்றால், ஏன் முடியாது என்று வீட்டாருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? தென்னாப்பிரிக்க மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கும் அந்த 72 மணி நேரத்துக்குள் உண்மையில் எடுக்க வேண்டிய ரத்தம் எது? விவரமாக எழுதுங்கள், பொதுப்படையாக வேண்டாம்.

கடலோர_மனநலம் எழுதியது:

டாக்டர், முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, இல்லை. மூலக்கூறு சோதனை எதையும் வைத்து இன்று மனச்சிதைவு என்று சொல்லவும் முடியாது, விலக்கவும் முடியாது. அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5 கேட்பது ஐந்து அறிகுறிகளில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றாவது அசையாத தவறான நம்பிக்கை, பிரமை, கோர்வையற்ற பேச்சு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மாதம் தீவிரமாக, முன்னும் பின்னும் சேர்த்து ஆறு மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11க்கு ஒரு மாதம் போதும். இரண்டிலும் ஆய்வகத்துக்கு உள்ள வேலை ஒன்றுதான்: வேறு உடல்நோயோ போதைப்பொருளோ காரணம் அல்ல என்று காட்டுவது. (தைப்பூசக் காவடியில் சாமி வந்து ஆடியதைப் பிரமைக் கணக்கில் சேர்த்த குறிப்புகளும் உண்டு. ஊரே ஏற்றுக்கொண்ட ஒன்று, சடங்கோடு தொடங்கிச் சடங்கோடு அடங்குகிறது என்றால் அது அறிகுறி ஆகாது.)

வீட்டாருக்கு எண்ணை வைத்துச் சொல்லுங்கள். 2010இல் அமெரிக்காவில் வெரிசைக் என்றொரு சோதனை விற்பனைக்கு வந்தது. சீரத்தில் 51 புரதம் அளப்பார்கள். நோயாளிகளில் 83% பேரைப் பிடிக்கிறது, ஆரோக்கியமானவர்களில் 83% பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று அதற்கு அடிப்படையான கட்டுரை சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதையே ஊரில் 1000 பேருக்குச் செய்து பாருங்கள். அந்த ஆயிரத்தில் 10 பேருக்கு நோய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 8 பேர் சிக்குவார்கள். நோயே இல்லாத 990 பேரில் 17%, அதாவது 168 பேரும் கூடவே சிக்குவார்கள். சிவப்புக் கோடு விழுந்த 176 பேரில் நோய் உள்ளவர் 8 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அந்தச் சோதனை சில ஆண்டுகளிலேயே சந்தையை விட்டுப் போய்விட்டது.

‘ஊருக்குச் செய்ய வேண்டாம், சைக்கோசிஸோடு வந்தவனுக்கு மட்டும் செய்கிறோம்’ என்பார்கள். அங்கேதான் பெரிய ஓட்டை. அந்த 83% வந்தது ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டு. உங்கள் அறையில் உட்கார்ந்திருப்பவன் ஆரோக்கியமானவனா, மனச்சிதைவா என்பதல்ல உங்கள் சந்தேகம். மனச்சிதைவா, பைபோலாரா, டிக் (மெத்தாம்ஃபெட்டமின்) இழுத்ததா, காசநோய் மாத்திரையா என்பதுதான் சந்தேகம். அந்தக் கேள்விக்கு அந்தச் சோதனையைத் தயார் செய்யவே இல்லை. பிடிஎன்எஃப் மனச்சிதைவில் குறைகிறது, மனச்சோர்விலும் குறைகிறது, பைபோலாரிலும் குறைகிறது. அதை வைத்து எதை எதிலிருந்து பிரிப்பது?

இன்னொரு கணக்கும் கைவசம் இருக்கட்டும். இரு குழுக்களின் சராசரிக்கும் நடுவே அரை எஸ்டி (திட்ட விலக்கம்) வித்தியாசம் என்றால் ஆய்வுக் கட்டுரையில் பி-மதிப்பு பிரமாதமாக இருக்கும். ஆனால் இரண்டு வளைகோடுகளும் 80% ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். எங்கே கோடு போட்டாலும், அதிகபட்சம் இரு பக்கமும் 60% சரியாக வரும். நாணயம் சுண்டினாலே 50. இரு பக்கமும் 90% வேண்டுமென்றால் வித்தியாசம் இரண்டரை எஸ்டிக்கு மேல் இருக்க வேண்டும். மனநோயில் எந்த ரத்தப் புரதமும் அந்தப் பக்கமே போனதில்லை.

72 மணி நேரப் பட்டியலுக்கு இரவு வருகிறேன். அதற்குள் மாதிரி எடுப்பதைப் பற்றி உறைபெட்டி எழுதினால் நல்லது.

உறைபெட்டி எழுதியது:

அழைத்துவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அந்தத் தாள்களில் உள்ள எண்களில் பாதி நோயைக் காட்டவில்லை, குழாயைக் காட்டுகின்றன.

பிடிஎன்எஃப் நல்ல உதாரணம். ரத்தத்தில் உள்ள பிடிஎன்எஃப் பெரும்பாலும் தட்டணுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ரத்தம் உறையும்போது தட்டணு உடைந்து அது வெளியே கொட்டும். அதனால் சீரத்தில் மில்லிக்கு 20, 30 நானோகிராம் என்று வரும். உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மாவில் அதில் ஒரு சிறு பங்குதான். ஒரு நர்ஸ் 20 நிமிடம் உறையவிட்டுச் சுழற்றுகிறார், இன்னொருவர் டீ குடித்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் கழித்துச் சுழற்றுகிறார் என்றால், இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு ‘மூளை வளர்ச்சிப் புரதம்’. அளந்தே ஆக வேண்டும் என்றால் உறையும் நேரத்தை எல்லாருக்கும் ஒன்றாக வையுங்கள், தட்டணு எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுங்கள். பிளாஸ்மா என்றால் இரண்டு முறை சுழற்ற வேண்டும். ஒருமுறை சுழற்றியதில் தட்டணு மிச்சம் இருக்கும். அதை அப்படியே உறையவைத்து, பிறகு உருகவைத்தால் மிச்சத் தட்டணுவும் உடைந்து எண் ஏறிவிடும்.

ஐஎல்-6 வேறு தொல்லை. குழாய்க்குள்ளும் வெள்ளணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. டர்பன் வெயிலில், கிளினிக் ஜன்னலோரம் நாலு மணி நேரம் கூரியருக்குக் காத்திருந்தால் அவை சும்மா இருக்காது. ஒரு மணி நேரத்துக்குள் பிரித்து −80 டிகிரியில் வைக்க வேண்டும். ஈறு வீங்கியிருக்கிறதா, சளி இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், இடுப்பளவு என்ன என்பதைக் குறிக்காத ஐஎல்-6க்கு மதிப்பே இல்லை. சைக்கோசிஸ் மருந்தான ஓலான்சபின் மூன்று மாதம் சாப்பிட்டு பத்து கிலோ ஏறிய ஆளுக்கு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி உயர்வதற்கு மனச்சிதைவு தேவையில்லை.

மைக்ரோ-ஆர்என்ஏ (மரபணு வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு துண்டுகள்) பட்டியல் வந்தால் முதலில் கேட்க வேண்டியது: சிவப்பணு உடைந்ததா என்று பார்த்தீர்களா? மிர்-451ஏ சிவப்பணுவில் குவிந்து கிடப்பது. மிர்-23ஏ உடைந்தாலும் உடையாவிட்டாலும் பெரிதாக மாறாது. 23ஏவின் சிடி எண்ணிலிருந்து (பிசிஆர் எந்தச் சுற்றில் பிடித்தது என்ற எண்) 451ஏவின் சிடி எண்ணைக் கழித்து, 7க்கு மேல் வந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போடலாம். கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரியாத பிளாஸ்மாவும் இதில் சிக்கும். 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். மூளைப் புரதம் என்று எஸ்100பி அளந்திருந்தால் எடையைக் கேளுங்கள், அது கொழுப்புத் திசுவிலிருந்தும் வரும். நரம்பணு நொதி என்று என்எஸ்ஈ அளந்திருந்தால் மறுபடியும் சிவப்பணுதான், அதிலிருந்தும் வரும்.

இப்போது ‘நரம்பணுவிலிருந்து வந்த எக்சோசோமை (செல்கள் வெளியே விடும் நுண்பையை) ரத்தத்திலேயே பிடிக்கிறோம்’ என்றும் விற்கிறார்கள். அதைப் பிடிக்கும் கொக்கி எல்1கேம் என்ற புரதம். பிளாஸ்மாவில் அந்தப் புரதம் பெரும்பாலும் எக்சோசோம் மேல் ஒட்டியிருப்பதில்லை, தனியே கரைந்து மிதக்கிறது என்று 2021இலேயே காட்டிவிட்டார்கள். கொக்கியே தப்பு.

ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளிகள் மாதிரி ஒரு தட்டிலும் ஒப்பீட்டு ஆட்கள் மாதிரி இன்னொரு தட்டிலும் ஓட்டினால் கணினி கற்றுக்கொள்வது தட்டு எண்ணை. லோட்ஷெடிங் (மின்வெட்டு) நாட்களில் ஃப்ரீசர் எத்தனை டிகிரிக்கு ஏறியது என்ற பதிவும் இல்லாவிட்டால், மூன்று வருடம் சேர்த்த மாதிரியை வைத்து ஐஎல்-6 கட்டுரை எழுத வேண்டாம்.

மரபணு_மயில் எழுதியது:

எச்சில் டிஎன்ஏ தாளுக்கு நான். அந்த ஸ்கோரின் தாய்ப்பட்டியல் பெரும்பாலும் 2022இல் வந்த பெரிய கூட்டாய்வு. 76,755 நோயாளிகள், 2,43,649 ஒப்பீட்டு ஆட்கள், மரபணுத் தொகுதியில் 287 இடங்கள். அவ்வளவு பேரைச் சேர்த்தும், அந்த ஸ்கோர் நோய்க்கான சாய்வில் விளக்குவது ஏறக்குறைய 7%தான். அதுவும் ஐரோப்பிய வம்சத்தவரிடம். நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு 1860க்குப் பிறகு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு அதே ஸ்கோரைப் போட்டால், எந்த மக்களின் வளைகோட்டில் அவனை உட்காரவைத்தார்கள் என்பதே முதல் சந்தேகம். ஐரோப்பிய வளைகோட்டில் வைத்து ‘90க்கு மேல்’ என்று அச்சடித்தால், அது நோயைப் பற்றிய செய்தியாகவே இருக்க வேண்டியதில்லை. பூர்வீகத்தைப் பற்றியதாக இருக்கலாம். ஆப்பிரிக்க வம்சத்தவரிடம் அந்த ஸ்கோர் இன்னும் படுமோசம்.

அச்சொட்டான இரட்டையரில்கூட ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு வருவது பாதிக்குப் பாதி அல்லது அதற்கும் குறைவு. டிஎன்ஏ முழுவதும் ஒன்றாக இருந்தே இந்த நிலை. இதை மட்டும் வீட்டாரிடம் சொன்னால் போதும், ஸ்கோரைப் பற்றி மேலே கேட்க மாட்டார்கள்.

நம் நாட்டிலேயே நடந்த வேலையையும் சொல்ல வேண்டும். 2020இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, கோசா மக்களில் 909 நோயாளிகள், 917 ஒப்பீட்டு ஆட்கள். மரபணுவைக் கெடுக்கும் அரிய மாற்றங்கள் நோயாளிகளிடம் கூடுதல், அதிலும் நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸில் வேலை செய்யும் மரபணுக்களில். நோயின் உயிரியலைப் புரிந்துகொள்ள அருமையான வேலை. ஆனால் ஒவ்வொருவரிடமும் வேறு வேறு மாற்றம், வேறு வேறு மரபணு. அதனால் ஒருவரைச் சோதித்து ஆம், இல்லை என்று சொல்ல அது உதவாது.

உண்மையாகவே உதவும் மரபணுச் சோதனை ஒன்று உண்டு: 22ஆம் குரோமோசோமில் 22க்யூ11.2 துண்டு விடுபட்டிருக்கிறதா என்பது. அது விடுபட்டவர்களில் நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு வகை நோய் வரும். நோயாளிகள் மொத்தத்தில் அது 1%க்கும் குறைவு, ஆகவே எல்லாருக்கும் வேண்டாம். மூக்கால் பேசுகிறானா, அண்ணத்தில் பிளவா, பிறவி இதயக் கோளாறா, பள்ளியில் பின்தங்கினானா, வலிப்பு உண்டா, ரத்தக் கால்சியம் குறைவா? இதில் இரண்டு சேர்ந்தால் மைக்ரோஅரே அல்லது எம்எல்பிஏ என்ற மரபணுச் சோதனை கேளுங்கள். இருக்கிறது என்று தெரிந்தால் மருத்துவமே மாறும்: கால்சியம் பார்க்க வேண்டும், எக்கோ எடுக்க வேண்டும், மற்ற மருந்துகள் கேட்காதபோது தரும் குளோசபின் கொடுக்கும்போது வலிப்புக்குக் கூடுதல் எச்சரிக்கை.

வாசு_ஃபீனிக்ஸ் எழுதியது:

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளுகிறீர்களே அண்ணா. பைரோல் சோதனை பல வருடமாக இருக்கிறது. பைரோல் கூடினால் துத்தநாகமும் பி6உம் குறைகிறது, அவற்றைக் கொடுத்தால் தெளிகிறார்கள் என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்.

உறைபெட்டி எழுதியது:

வாசு தம்பி, இது 1960களின் மிச்சம். சிறுநீர்ச் சோதனைத் தாளில் ஊதாநிறப் புள்ளி தெரிந்தது, ‘மாவ் ஃபேக்டர்’ என்று பேர் வைத்தார்கள். அதே காலத்தில் ‘இளஞ்சிவப்புப் புள்ளி’ என்று வேறொன்றும் இருந்தது, 1962இல் நேச்சரில் வந்தது. உணவும் மருந்தும் ஒன்றாக்கிப் பார்த்தபோது அந்தப் புள்ளி நோயோடு நிற்கவில்லை. மாவ் ஃபேக்டரில் இருப்பது கிரிப்டோபைரோல் என்றார்கள், பிறகு பொருளே அது இல்லை என்றாயிற்று. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துபோகும். குழாய் வெயிலில் நின்றால் ஓர் எண், ஃபாயில் சுற்றினால் வேறெண். பி6ஐ மாதக்கணக்கில் அதிக அளவில் விழுங்கினால் கால் மரத்துப்போகும் என்பதையும் அந்தத் தாள் சொல்லாது.

ஆனால் இதே பெயர்க்குழப்பத்தில் ஒரு நல்ல சோதனை மறைந்துபோகிறது. பைரோல் வேறு, போர்போபிலினோஜென் வேறு. கடும் வயிற்றுவலி, மலச்சிக்கல், கைகால் பலவீனம், தேநீர்போலக் கருத்த சிறுநீர், இவற்றோடு குழப்பமும் பிரமையும் வந்தால் போர்ஃபிரியாவை (ரத்த நிறமி உருவாவதில் வரும் பரம்பரைக் கோளாறை) நினைக்க வேண்டும். அதிலும் தென்னாப்பிரிக்காவில். பதினேழாம் நூற்றாண்டில் குடியேறிய ஒரு டச்சுத் தம்பதியின் வழியாக அதன் ஒரு வகையான வேரிகேட் போர்ஃபிரியா ஆஃப்ரிகானர் குடும்பங்களில் உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பரவியிருக்கிறது. சிறுநீரைக் கருப்புப் பையில் சுற்றி, வலி இருக்கும்போதே எடுத்து, போர்போபிலினோஜென் என்று பெயரை முழுதாக எழுதி அனுப்புங்கள். ‘போர்ஃபிரின்’ என்று எழுதினால் வேறு சோதனை செய்துவிடுவார்கள். முடிவு வரும்வரை கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் பக்கம் போகாதீர்கள்.

கடலோர_மனநலம் எழுதியது:

இரவுப் பட்டியல். முதல் நாள் எடுக்கும் ரத்தத்தில்: முழு ரத்த எண்ணிக்கை, யூரியா-உப்புகள், கால்சியம், கல்லீரல், டிஎஸ்எச், சர்க்கரை, எச்பிஏ1சி, லிப்பிட், பி12, எச்ஐவி, சிபிலிஸ். பெண் என்றால் கர்ப்பச் சோதனை. ஒரு ஈசிஜி, சில மருந்துகள் நீட்டிவிடும் க்யூடிசி இடைவெளியைப் பார்க்க. இடுப்பளவும் எடையும் முதல் நாளே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மருந்தால் ஏறியதா, முன்பே இருந்ததா என்று கேட்கும்போது அந்த ஓர் எண்ணுக்குத்தான் தேடுவோம்.

பி12ஐ நம் ஆட்களுக்கு விட்டுவிடாதீர்கள். வருடக்கணக்கில் சைவம், கூடவே மெட்ஃபார்மின் என்றால் குறைவு சாதாரணம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதால் பி12உம் சரி என்று எண்ண வேண்டாம், மனக்குழப்பம் ரத்தசோகைக்கு முன்பே வரலாம். எல்லைக்கோட்டில் நின்றால் மெத்தில்மலோனிக் அமிலம் கேளுங்கள்.

மருந்துப் பட்டியலைப் பையிலிருந்து எடுத்துக் கையால் பாருங்கள், வாயால் கேட்க வேண்டாம். காசநோய்க்கு ஐசோநயசிட், மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு டெரிசிடோன், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு, மூன்றும் சைக்கோசிஸ் கொடுக்கும். எச்ஐவி மருந்தான எஃபாவிரென்ஸ் இன்னும் சாப்பிடுகிறவர் இருந்தால் அதுவும். அதை உடைக்கும் நொதியான சிஒய்பி2பி6 மெதுவாக வேலை செய்யும் வகை இங்கே பலரிடம் உண்டு, அவர்கள் உடலில் மருந்து தேங்கும். முதல் வரிசை டோலுடெக்ராவிருக்கு மாறிய பிறகு இது குறைந்துவிட்டது, மறைந்துவிடவில்லை.

சிறுநீர்ப் போதைப்பொருள் சோதனையைத் தவறாகப் படிப்பதுதான் அதிகம். டிக் இரண்டு முதல் நாலு நாளில் மறைந்துவிடும். ஐந்தாம் நாள் வந்த எதிர்மறை முடிவு ஒன்றும் சொல்லவில்லை. டாக்கா (கஞ்சா) தினமும் இழுத்தவனுக்கு ஒரு மாதம்கூடத் தெரியும், ஆகவே நேர்மறை முடிவாலும் ‘இது டாக்கா பைத்தியம்தான்’ என்று மூட முடியாது.

இனி, மனச்சிதைவை அல்ல, அதுபோலத் தோன்றும் வேறொரு நோயை உண்மையிலேயே கண்டுபிடிக்கும் மூலக்கூறு சோதனை: என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்புரதம். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் அழற்சி அது. யாரை நினைக்க வேண்டும்? வாரக்கணக்கில், மூன்று மாதத்துக்குள் பற்றிக்கொண்டது, அதோடு வலிப்பு, உதடும் நாக்கும் தானாக அசைவது, பேச்சு மெல்ல நின்றுபோவது, கட்டடோனியா (அசையாமல் உறைந்து கிடப்பது), நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்குவது, சைக்கோசிஸ் மருந்தான ஹாலோபெரிடால் ஓர் ஊசியில் உடல் விறைத்துக் காய்ச்சல் வருவது. இதில் ஒன்று இருந்தாலும் முதுகுத்தண்டு நீர் எடுங்கள். சீரம் மட்டும் அனுப்பினால் ஏழு பேரில் ஒருவர் தப்பிப் போவார். மறுபக்கம், சீரத்தில் மட்டும் லேசாகத் தெரிவது நோயில்லாதவரிடமும் வரும். இளம்பெண் என்றால் சினைப்பையில் ஸ்கேன், டெரட்டோமா என்ற கட்டி இருக்கிறதா என்று. இருந்தால் அதை எடுப்பதும் மருத்துவத்தின் முக்கியப் பகுதி.

நாற்பதுக்கு மேல் முதல்முறையாக வந்தால் இன்னொன்று: நியூரோஃபிலமென்ட் லைட், நரம்பணு சிதையும்போது கசியும் புரதம். மனநோயில் அது வயதுக்கேற்ற அளவிலேயே நிற்கும், முன்மூளை தேயும் நோயில் ஏறும். வயதும் சிறுநீரகமும் அதை உயர்த்தும் என்பதால் கிரியாட்டினினைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எல்லா இடத்திலும் கிடைக்காது.

சாட்ஸ்வொர்த்_ஜிபி எழுதியது:

மிக்க நன்றி, இதுதான் வேண்டியிருந்தது. இரண்டு கேள்வி மிச்சம். காசு கட்டி வாங்கிய தாளை வீட்டார் முன்னால் என்ன செய்வது? அடுத்து, நோயைச் சொல்ல ரத்தம் உதவாது என்றால், மருந்து கொடுக்கும்போதாவது உதவுகிறதா?

கடலோர_மனநலம் எழுதியது:

தாளைக் கிழிக்காதீர்கள், ஃபைலில் வையுங்கள். ‘இந்த முடிவு நோய் நிர்ணயத்தில் சேர்க்கப்படவில்லை’ என்று கீழே எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்த டாக்டர் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்து ஏமாறாமல் இருப்பார். அவர்கள் முன்னால் அந்த 8க்கு 168 கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் சண்டை வராது.

மருந்துக்கு உதவுகிறது, அதிலும் குளோசபினுக்கு. கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். மில்லிக்கு 350 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ‘மருந்து கேட்கவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள், மருந்து போதவில்லை. புகை பிடிக்காத வார்டில் இருந்தபோது அளவு சரியாக இருந்தவன், வீட்டுக்குப் போய் மறுபடி புகைக்கத் தொடங்கினால் அளவு சரசரவென்று இறங்கும். புகையில் உள்ள தார், குளோசபினை உடைக்கும் நொதியான சிஒய்பி1ஏ2ஐக் கிளப்பிவிடும். நிக்கோட்டின் பட்டை அதைச் செய்யாது. வீட்டுக்கு அனுப்பிய ஒரு வாரத்தில் ஒருமுறை எடுங்கள். குளோசபின் குறைத்துவிடக்கூடிய நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளணு) எண்ணிக்கையும் கவனம்: ஆப்பிரிக்க வம்சத்தில் டஃபி-நல் ரத்தவகை உள்ளவர்களுக்கு இயல்பிலேயே அது குறைவு. அவர்களுக்குத் தொடங்கும் எல்லை மைக்ரோலிட்டருக்கு 1500 இல்லை, 1000. இதைத் தெரியாமல் குளோசபினை மறுத்துவிட்டால் அவர்களுக்கு வேறு நல்ல மருந்து கிடையாது.

உறைபெட்டி எழுதியது:

குளோசபின் அளவுக்கு ஊதா மூடிக் குழாய் அனுப்புங்கள் டாக்டர். ஜெல் உள்ள மஞ்சள் மூடி வேண்டாம், சில மருந்துகளை ஜெல் உறிஞ்சிவிடும். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு, இரண்டையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். அது இல்லாமல் வருகிற எண்ணை வைத்து எங்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.